பல் வலி என்று சொல்லிவிட்டுப் போனவர்

மனிதர்களில் "எனக்கு ஒண்ணுமில்ல" என்றொரு வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருக்க வழியே இல்லை. வீட்டுக்கு ஒருவர் என்று யாரோ பங்கு பிரித்துக் கொடுத்ததுபோல் பரவியிருக்கிறார்கள், பாவப்பட்ட சில வீடுகளில் இரண்டு பேர். இந்த வகை ஆசாமி வண்டியில் லேசாக ஒரு 'கொர்ர்' கேட்டால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் ஓடுவார். செல்போன் கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கடைக்குப் போவார். ஃப்ரிட்ஜ் வழக்கத்தைவிடச் சற்றே கூடுதலாக முனகினால் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, முகம் வாடி, இரண்டு நாள் அதே கவலையாக இருப்பார். அவரே ஒரு வருஷமாக முனகிக்கொண்டிருப்பார். அது மட்டும் அவர் காதில் விழாது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நிற்கும்போது "என்ன, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன? ஒண்ணுமில்ல!" என்று வருகிற பதில் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஒன்றுமில்லாத மனிதர் எதற்கு அத்தனை சத்தம் போடவேண்டும் என்று நீங்கள் கேட்கக்கூடாது.

தன் விஷயத்தில் இப்படி வாயைப் பூட்டிக்கொள்கிறவர் ஊரார் விஷயத்தில் இலவச வைத்தியர். உங்களுக்கு வேலை போயிற்றா, கல்யாணம் முறிந்ததா, முடி கொட்டுகிறதா? மூன்றுக்கும் ஒரே மருந்துதான் வைத்திருப்பார்: "விடுங்க, எல்லாம் சரியாயிடும்." அதற்கும் நீங்கள் நகரவில்லை என்றால், "இதெல்லாம் ஒரு கஷ்டமா? எனக்கு நடந்ததைக் கேட்டா ஆடிப்போயிடுவீங்க" என்பார். நடந்தது என்னவென்று மட்டும் சாகும்வரை சொல்லமாட்டார். கவுன்சிலிங் போகிறவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஊர் பேர் தெரியாத ஆள்கிட்ட நம்ம கதையை எதுக்குச் சொல்லணும்?" என்பார். இதே மனிதர்தான் போன மாதம் ரயிலில், எதிர் இருக்கையில் இருந்த ஊர் பேர் தெரியாத ஆளிடம், தன் மலச்சிக்கலின் முப்பதாண்டு வரலாற்றை நான்கு ஸ்டேஷன் நீளத்துக்கு விவரித்தவர்.

பொதுவாகப் பேசினால் நம்பமாட்டீர்கள். ஒருவரைக் காட்டுகிறேன். அவர் ஒரு லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியில் சூப்பர்வைசர், வயது ஐம்பத்தாறு. அவருக்குக் கீழே எட்டு மெக்கானிக்குகள். எது கேட்டாலும் அவர் சொல்லும் பதிலை வைத்தே 'ஒண்ணுமில்லண்ணன்' என்று அவர்கள் அவருக்குப் பேர் வைத்திருந்தார்கள், அவர் இல்லாத நேரத்துக்கு. மாதாமாதம் லிஃப்டைச் சோதிக்க ஒத்துக்கொள்ளாத அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர்களைப் பிடித்து உட்காரவைத்து, "நின்னப்புறம் கூப்பிட்டா அது ரிப்பேர். நிக்கிறதுக்கு முன்னால பாத்தா அதுதான் பராமரிப்பு" என்று விரலை ஆட்டிப் பாடம் எடுப்பதில் நம் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. கேட்பவர்கள் கரைந்துபோய்க் கையெழுத்துப் போடுவார்கள்.

அண்ணன் மனிதர்களைத் திட்டமாட்டார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. ஜடப்பொருள்களைத்தான் திட்டுவார். திறக்காத கேட், வேலை செய்யாத ரிமோட், ஓட்டைக்குள் போக மறுக்கும் சட்டைப் பொத்தான் என்று எல்லாவற்றோடும் அவருக்குத் தீராத பகை இருந்தது. போன வருஷத்திலிருந்து பகை முற்றிப்போய்விட்டது. கடுகு டப்பா மூடி ஒரு நாள் இறுகிக்கொண்டதற்கு அவர் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் ஓடிவந்து, "யாரு, திருடனா?" என்று கேட்டார்.

மகள் சனிக்கிழமைதோறும் இரண்டரை வயதுக் குழந்தையோடு வருவாள். பேத்தி என்றால் அண்ணனுக்கு உயிர். நாலு மணிக்கு வரப்போகிறவளுக்காக மூன்று மணியிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார். அப்படி ஒரு சனிக்கிழமை, பேத்தி பிஸ்கட் டப்பாவைத் திறக்கப் பார்த்தாள். வரவில்லை. கீழே வைத்தாள், இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள், டப்பாவின் தலையில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு, "ஒழிஞ்சு போ சனியனே! என் உயிரை வாங்கத்தான் வந்தியா?" என்றாள். சொல்லி முடித்ததும் அண்ணன் தொண்டையைச் செருமுவாரே, அந்தச் செருமலையும் விடாமல் செருமினாள்.

அண்ணனின் மனைவி சிரித்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அப்பா, இது யார் பேசுறது?"

"டிவியில பாத்திருக்கும்."

"எங்க வீட்ல டிவியே இல்லப்பா."

அண்ணன் ரிமோட்டைத் தேடுவதுபோல் சோபாவுக்கு அடியில் குனிந்தார். மகள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "நானும் ஒரு வருஷமா சொல்லிப் பாத்துட்டேன். கவுன்சிலிங் போங்கப்பா. ஒரு ஆறு தடவை போய்ப் பேசிட்டு வாங்க. அதுவரைக்கும் இவளை இங்க கூட்டிட்டு வரமாட்டேன்."

"எனக்கு என்ன? ஒண்ணுமில்ல!"

"அப்போ சுலபந்தானே. போய் உக்காந்து, ஒண்ணுமில்லன்னு ஆறு தடவை சொல்லிட்டு வாங்க."

மூன்று வாரம் பிடிவாதமாக இருந்தார். மூன்று சனிக்கிழமையும் நாலு மணிக்கு, கிரீச்சிடாத கேட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். போனில் பேத்தி "தாத்தா, வா" என்றாள். அவரால் முடியவில்லை. நாலாவது வாரம் மனைவியிடம், "அந்த நம்பரைக் குடு, தொலையுது" என்றார்.

வியாழக்கிழமை மூன்று மணி என்று நேரம் கிடைத்தது. ஆபீசில் என்ன சொல்வது? லிஃப்டுக்குப் பராமரிப்பு வேண்டும் என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்தவர், தனக்கு வேண்டும் என்று சொல்வாரா? "பல் டாக்டர்கிட்ட போறேன்" என்றார்.

இந்த வகை ஆசாமிகள் செய்யும் தப்பே இதுதான். பொய் சொல்லலாம், ஆறு வாரம் தாங்குகிற பொய்யாகச் சொல்லவேண்டாமா? முதல் வாரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வாரம் மெக்கானிக்குகள் அனுதாபமாகப் பார்த்தார்கள். மூன்றாவது வாரத்தில், அண்ணனுக்கு வாயில் ஒன்றுமே மிச்சமில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். "அண்ணனுக்கு பிஸ்கட்டை ஊறவெச்சுக் குடுங்கப்பா" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் வாழைப்பழத்தை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டு வந்து வைத்தான். முப்பத்திரண்டு பல்லும் கல்லுமாதிரி இருக்கிற மனிதர், ஒரு கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, ஊறிப்போன பிஸ்கட்டைக் கரண்டியால் அள்ளித் தின்றார். வறுத்த கடலை என்றால் அவருக்குப் பிராணன். பையன்கள் வாங்கி வைத்திருந்த கடலையை எடுத்து, ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, ஓசை வராமல் கடித்தார்.

சரி, அங்கே போய் என்ன செய்தார்? ஆலோசகருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அறை நான்காவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட் தரைமட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழேயே நிற்கிற லிஃப்ட். அண்ணனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்!

"சொல்லுங்க சார், எப்படி இருக்கீங்க?"

"நான் நல்லாயிருக்கேம்மா. உங்க லிஃப்ட்தான் நல்லாயில்ல."

ஐம்பது நிமிஷமும் லிஃப்டுக்கே போயிற்று. பிரேக் எப்படித் தேய்கிறது என்று அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகத்தையே வாங்கிப் படம் போட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து, "பாவம், அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல. நான்தான் சொல்லிக்குடுத்துட்டு வந்தேன்" என்றார்.

இரண்டாம் வாரம் மனைவி, மகள், மருமகன், மாடிவீட்டுக்காரர் ஆகியோர்மேல் தனித்தனிக் குற்றப்பத்திரிகை வாசித்தார். "இதுல நீங்க எங்க சார் இருக்கீங்க?" என்று ஆலோசகர் கேட்டதற்கு, "நான் எதுக்கும்மா இதுல? நான் சாட்சி" என்றார். மூன்றாம் வாரம் ஆலோசகருக்கே ஆலோசனை சொல்லத் தொடங்கிவிட்டார். "நீங்க சரியாத் தூங்குறதில்லபோல. கண்ணைப் பாத்தாத் தெரியுது. விடுங்கம்மா, எல்லாம் சரியாயிடும்." பக்கத்து மேசையில் இருந்த டிஷ்யூப் பெட்டியையும், "உங்களுக்குத்தான் தேவைப்படும்" என்று அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். நடுநடுவே சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். இன்னும் மூன்று வாரம், அப்புறம் பேத்தி.

நான்காம் வாரம் சைட்டிலிருந்து நேராக வந்தார். கையில் சாப்பாட்டு டப்பா, திறக்காமல். ஆலோசகர் அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இன்னும் சாப்பிடலையா சார்?"

"நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுக்கலாம்னு நெனச்சேன். முடியல."

"எப்பவும் நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவீங்களா?"

"இப்போதான். முன்னெல்லாம் மொட்டைமாடியில, மிஷின் ரூம்ல உக்காந்து சாப்பிடுவோம்."

"'வோம்'னா?"

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். இந்தத் தடவை மணி பார்க்கவில்லை. வேறெங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவரும் கம்பெனி ஒயர்மேனும் இருபத்திரண்டு வருஷம், இரண்டு பெயின்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். ஒயர்மேன் ஆறு மாதம் படுக்கையில் கிடந்து, போன வருஷம் இறந்துபோனார்.

"ரெண்டு பேரும் என்ன பேசுவீங்க?"

"பெரிசா ஒண்ணுமில்லம்மா" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு நிறுத்தவில்லை. மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம், "எனக்கு பயமா இருக்குடா" என்று அவனிடம் மட்டும்தான் சொன்னாராம். அவன் ஒன்றும் சொல்லமாட்டானாம், சும்மா தண்ணி பாட்டிலை இவர் பக்கம் தள்ளுவானாம். அது போதுமாம். அவன் படுக்கையில் விழுந்த பிறகு இவர் தினமும் போய்ப் பார்த்திருக்கிறார். தினமும் லிஃப்டைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்.

"ஒரு நாள், அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பயமா இருக்குடான்னு சொன்னாம்மா. நான்..." அண்ணன் தொண்டையைச் செருமினார். "நான், விடுடா, எல்லாம் சரியாயிடும்னு சொன்னேன். சொல்லிட்டு, வேலை இருக்குன்னு எந்திரிச்சு வந்துட்டேன். அவன் இருபத்திரண்டு வருஷம் கேட்டான். நான் ஒரு நாள் கேக்கல."

ஏசியை யாரும் சுத்தம் செய்வதில்லை போலிருக்கிறது, தூசி விழுகிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுதார். கன்னம் நனைய, தோள் குலுங்க, சின்னப் பிள்ளைபோல அழுதார். கேலி பண்ண வந்த எனக்கே அந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. ஆலோசகர் டிஷ்யூப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். அந்தப் பெண் ஏதோ பெரிய மந்திரம் சொல்லிவிட்டதாக நினைக்காதீர்கள். "அன்னைக்கு உக்காந்திருந்தா, அவர்கிட்ட என்ன சொல்லியிருப்பீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதிலைப் பாதிவரை அண்ணன் சொன்னபோது ஐம்பது நிமிஷம் முடிந்துவிட்டது.

"என்னம்மா, இப்பத்தானே ஆரம்பிச்சேன்?" என்றார் அண்ணன், கோபமாக.

அன்று சாயங்காலம் வீட்டில், மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "ஒயர்மேன்கிட்ட சொன்னதுல பாதியை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னா நீ பயப்படுவே."

"சொல்லாம இருந்தீங்களே, அப்போ நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு நெனச்சீங்க?"

அண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, உட்கார்ந்து, ஆறிப்போன மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

ஐந்தாவது வியாழனுக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த நாட்களில் ஆபீசில் ஒரு அதிசயம் நடந்தது. ஸ்டோர் ரூம் பூட்டு இறுகிக்கொண்டபோது அண்ணன் பூட்டின் தாயை இழுக்காமல், எண்ணெய் விட்டுத் திறந்தார். எட்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனிதனுக்கு இப்படி ஒரு மாற்றம் எதனால் வரும்? அவர்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. இத்தனை நாள் அண்ணன் கத்தியதெல்லாம் பல் வலியில்தான். பல் டாக்டர் சரிசெய்துவிட்டார்! அந்த வாரத்திலேயே மூன்று பேர் பல்லைச் சுத்தம் செய்துகொண்டார்கள்.

திங்கட்கிழமை, 'மீசை' என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த மெக்கானிக் வந்து நின்றான்.

"அண்ணே, வியாழக்கிழமை அரை நாள் லீவு வேணும். ரெண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப்போறேன்."

"ரொம்ப வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லண்ணே."

"வலிக்காத பல்லை எதுக்குடா பிடுங்குற?"

மீசை குரலைத் தாழ்த்தினான். "வீட்ல ஒரே சண்டைண்ணே. எதுக்கெடுத்தாலும் கத்திடுறேன். அவ எங்கிட்ட பேசி ஒரு மாசமாச்சு. நீங்க போயிட்டு வந்து எவ்வளவு மாறிட்டீங்க! ரெண்டும் கோணலாத்தான் இருக்குன்னு டாக்டரும் சொன்னாரு. எடுத்துட்டா கொறையுமில்ல?"

அண்ணனுக்கு வியர்த்தது. பேசாமல் லீவு கொடுத்தால் தன் மானம் தப்பும். மீசையின் இரண்டு நல்ல பல் போகும், கோபம் அப்படியே இருக்கும். "பல்லெல்லாம் வேணாம்டா. விடு, எல்லாம் சரியா..." என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. பாதியில் நின்றுவிட்டது. மீசையின் முகத்தைப் பார்த்தார். அவன் நிஜமாகவே பிடுங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

"நான் பல் டாக்டர்கிட்ட போகலடா" என்றார் அண்ணன். அவர் மெதுவாகப் பேசிப் பழகாதவர். பட்டறை முழுக்கக் கேட்டது. யாரோ கிரைண்டரை நிறுத்தினார்கள். "கவுன்சிலிங் போறேன். ஒரு அம்மாகிட்ட உக்காந்து பேசிட்டு வர்றேன். அவ்வளவுதான்."

"என்ன பேசுவீங்க?"

"நம்ம ஒயர்மேனைப் பத்தி."

ஒயர்மேன் அவர்களுக்கும் ஒயர்மேன்தான். கடைசியில், வாழைப்பழம் நறுக்கிய ஆள்தான் பேசினான்: "அப்போ பல்லு நல்லாத்தான் இருக்கா? கடலை எங்க போச்சுன்னு நான் ஒரு மாசமா எலிப்பொறி வெச்சுக்கிட்டிருக்கேன்!" எட்டு பேரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். வியாழக்கிழமை மீசை அவரோடு நான்காவது மாடிக்குப் போய்த் தனக்கும் ஒரு நாள் குறித்துக்கொண்டு, பற்களோடு திரும்பினான்.

ஆறும் முடிந்த சனிக்கிழமை பேத்தி வந்தாள். வந்த பத்தாவது நிமிஷம், தாத்தாவின் மூக்குக் கண்ணாடியை வாளித் தண்ணீரில் போட்டு, துடைப்பத்தால் கலக்கிக்கொண்டிருந்தாள். "ஒழிஞ்சு..." என்று அண்ணன் வாயைத் திறந்தார். மகளும் மனைவியும் இருந்த இடத்திலேயே உறைந்து நின்றார்கள். அண்ணன் வாயை மூடினார். மூச்சை இழுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தார்.

"தாத்தாவுக்குக் கோவம் வருது" என்றார்.

பேத்தி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "எனக்குப் பசி வருது" என்றாள்.

மகள் பையிலிருந்து குழந்தையின் மாற்றுத் துணியை எடுத்து, பழைய இடத்தில், அப்பாவின் அலமாரியில் வைத்தாள். அண்ணன் வாளிக்குள் கையை விட்டுக் கண்ணாடியைத் தேடினார். அதற்கு அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

உடனே அவர் மகான் ஆகிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய வியாதி குறைந்து இப்போது புதியது ஒன்று பிடித்திருக்கிறது: பார்க்கிறவர்களையெல்லாம் பேசச் சொல்கிறார். போன வாரம் ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. அண்ணன் போய்க் கதவில் வாயை வைத்து, "உள்ள இருக்கிறவருக்கு பயமா இருக்கா? இருந்தா சொல்லுங்க. நான் கேக்குறேன்" என்றார். "மொதல்ல கதவைத் திறங்கய்யா!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

நீங்கள் இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், தெரியும். அண்ணனைப் பற்றிப் படிக்கும்போதே உங்களுக்கு மூன்று பேர் நினைவுக்கு வந்திருப்பார்கள்: மைத்துனர், மேலதிகாரி, எதிர்வீட்டுக்காரர். அவர்கள் கட்டாயம் படிக்கவேண்டியது என்று தலையையும் ஆட்டிக்கொண்டீர்கள். நல்லது, அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் உங்கள் கைக்கு எப்படி வந்தது? நீங்களாகவே தேடி எடுத்தீர்களா? இல்லை, வீட்டில் யாரோ இதே பக்கத்தைத் திறந்து உங்கள் நாற்காலிமேல் வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய், இத்தனை நேரமும் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்களா?